உதை அமத்துங்கோ

இருபத்தாறாயிரம் பேருக்குத் துஷாந்தினியின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள், உரும்பிராயில் அவள் குடியிருந்த ஒழுங்கையையும் கோப்பாய்ப் பக்கம் அவள் முன்பு வேலை செய்த போட்டோக்கொப்பிக் கடையையும் சேர்த்துப் பார்த்தாலும் ஐம்பது பேர் தேறமாட்டார்கள். அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவளும் விரும்பினாள். காரணம் கூச்சம் அல்ல, அவளுடைய தங்கை. ஆனால் தங்கையின் கதைக்கு முன் வீடியோவின் கதையைச் சொல்லியாகவேண்டும். இரண்டும் பின்னால் ஒன்றாகிவிட்டன.

அந்தக் கடையில் துஷாந்தினி பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தாள். கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம், கண் டொக்குத்தருக்கு நம்பர் எடுப்பது, எல்லாம். முன்பெல்லாம் சனம் பேனையை நீட்டியது. எல்லாம் இணையத்துக்குப் போன பிறகு போனை நீட்டியது. பிள்ளை, இதிலை எதை அமத்திறது என்ற ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு நாற்பது தரம் பதில் சொல்லி வாய் உளைந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொம்பியூட்டர்த் திரையை அப்படியே பதிவு செய்து, பேசிக்கொண்டே ஒரு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிக் காட்டி யூரியூப்பில் போட்டாள். மறுநாள் கேட்டவர்களிடம், போய் அதைப் பாருங்கோ என்றாள். அவர்கள் பார்த்தார்கள். அவர்களுடைய கனடாச் சொந்தங்களும் பார்த்தன. அப்படித் தொடங்கியதுதான்.

சனலுக்கு அவள் வைத்த பெயர் 'உதை அமத்துங்கோ'. அவள் வாயில் ஓயாமல் வரும் சொல் அதுதான். யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இந்தியாவிலிருந்து பார்த்தவர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 'அக்கா, யாரை உதைக்கணும்?' என்று ஒருவர் கேட்டு எழுத, அதன் கீழே நூறு பேர் சிரித்துவைத்தார்கள். துஷாந்தினியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அடுத்த வீடியோவின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் வகுப்பெடுத்தாள்.

"இது எண்டால் எனக்குக் கிட்ட இருக்கிறது. அது எண்டால் ரெண்டு பேருக்கும் தூரம். உது எண்டால் உங்களுக்குக் கிட்ட, உங்கடை கையிலை இருக்கிறது. நான் இஞ்சை இருக்கிறன், நீங்கள் உங்கை இருக்கிறீங்கள். அமத்திறது எண்டால் அழுத்திறது. அவ்வளவுதான். இனி ஒருத்தரும் ஒருத்தரையும் உதைக்கத் தேவையில்லை."

அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எத்தனையோ பேர் பகிர்ந்துகொண்டார்கள். சனல் வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் குரலால் மட்டும் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட முடியாது. கொம்பியூட்டரில் நகத்தளவு தெரியும் எழுத்து, பார்ப்பவரின் போனில் எறும்பின் கால் அளவாகிவிடும். பதிவு செய்யும் மென்பொருளில் ஸூம் என்று ஒன்று இருப்பதை அவள் இரண்டாம் வருடத்தில்தான் கண்டுபிடித்தாள். சுட்டியை எந்த இடத்தில் அமத்தினாலும் படம் தானாகவே அந்த இடத்தை நோக்கி நெருங்கிப் பெரிதாகும், பிறகு பின்வாங்கும். முதல் மாதம் கண்டதையெல்லாம் ஸூம் பண்ணி, பார்த்தவர்களுக்குத் தலைசுற்ற வைத்தாள். பிறகு அளவு பிடிபட்டது. சொல் வாயிலிருந்து வருவதற்கு அரைச் செக்கன் முன்பு படம் நகரத் தொடங்கவேண்டும். மெல்லப் போகவேண்டும். போன இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் நிற்கவேண்டும். பிறகு முழுத் திரையையும் காட்டி, எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பவருக்கு நினைவூட்டவேண்டும். ஸூம் என்ற சொல்லை அவள் பாவிப்பதில்லை. "கிட்டக் கொண்டுவாறன், பாருங்கோ" என்பாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? எத்தனையோ வயதானவர்கள் யாருடைய காலையும் பிடிக்காமல் தங்கள் அலுவலைத் தாங்களே பார்த்தது அவளால்தான்.

தங்கை ஆரணி அவளைவிட எட்டு வயது இளையவள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் துஷாந்தினி தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்த பிள்ளை. இருபத்துமூன்று வயதில் அவளைப் பிரான்ஸ் மாப்பிள்ளை சிவகரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல குடும்பம், அமைதியான பொடியன் என்றார்கள். அமைதியானவன்தான். அடிக்கும்போதுகூடச் சத்தம் போடமாட்டான். ஆறு வருடத்தில் ஆரணிக்கு ஒரு காது பாதி கேளாமல் போனது, மணிக்கட்டு இரண்டு தரம் உடைந்தது. கடைசியில் ஒரு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினாள். அதற்கு முதல் நாள் அவன் சொல்லியிருந்தான், நீ எங்கே போனாலும் கண்டுபிடிப்பேன், கண்டுபிடித்தால் அதுதான் கடைசி என்று. அதையும் சத்தம் போடாமல்தான் சொன்னானாம்.

பண்டத்தரிப்பில் இருந்த அவர்களுடைய வீடு அவனுக்குத் தெரியும். அதனால் தங்கை வந்து இறங்குவதற்கு முன்பே துஷாந்தினி அதைப் பூட்டி, திறப்பைத் தாய்மாமன் ஏரம்புவிடம் கொடுத்துவிட்டு, உரும்பிராயில் உள் ஒழுங்கையொன்றில் ஒரு சின்ன வீட்டை எடுத்தாள். கடை வேலையை விட்டாள். பொலிசில் முறைப்பாடு எழுதுவித்தாள். ஆள் நாட்டுக்குள் வந்தால் அறிவிக்கச் சொன்னார்கள். யார் கேட்டாலும் பெட்டைகள் இரண்டும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஏரம்பு மாமா சொல்லிவந்தார். அடித்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் சுற்ற, அடிபட்டவள் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, ஆனால் அதுதான் நடந்தது. எட்டு மாதமாக ஆரணி பகலில் படலையைத் தாண்டவில்லை. போனைக் கையால் தொடவும் மாட்டாள்.

சிவகரனுக்கு அந்தச் சனலைத் தெரியும். பிரான்சில் ஆரணி சமைக்கும்போது அக்காவின் குரலைக் கேட்பதற்காகவே அந்த வீடியோக்களை ஓடவிடுவாள். வருடக்கணக்காக அவனும் கேட்டிருக்கிறான். இது துஷாந்தினியின் மனதில் உறுத்தாமல் இல்லை. ஆனால் சனலை நிறுத்தினால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இல்லை. தவிரவும், திரையில் என்ன தெரியப்போகிறது, எழுத்துத்தானே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கவனமாகத்தான் இருந்தாள். கோயில் மணியோ, பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டோ பதிவில் விழுந்தால் வெட்டி எறிந்தாள். தகரக் கூரையில் கொட்டும் மழையை மட்டும் அவளால் வெட்ட முடியவில்லை. அது அவள் பேச்சின் மேலேயே விழுந்தது.

ஆரணி வந்து ஒரு மாதத்தில், ஒரு வீடியோவின் கீழே 'முருகேசு ஐயா' என்ற பெயரில் ஒருவர் எழுதினார்.

'பிள்ளை, நான் ஜேர்மனியிலை இருக்கிற கிழவன். கண்ணிலை புரை. உந்தச் சின்ன எழுத்துகளைக் கிட்டக் கொண்டுவந்து காட்டும். விளங்கினாச் சரி.'

துஷாந்தினிக்கு மனம் இளகிவிட்டது. தகப்பனுக்கும் கடைசிக் காலத்தில் புரைதான். அன்றிலிருந்து அந்தக் கிழவனை நினைத்துக்கொண்டே பதிவு செய்யத் தொடங்கினாள். முன்பு இரண்டு இடத்தில் நெருங்கிய படம் இப்போது ஆறு இடத்தில் நெருங்கியது. ஒரு மூச்சு நின்றது இரண்டு மூச்சு நின்றது. அவரும் ஒரு வீடியோ தவறாமல் எழுதினார். மூலையில் உது என்ன எழுத்து, மேலே உந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்பார். கிழவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டு, அடுத்த வீடியோவில் அந்த மூலையையும் கிட்டக் கொண்டுவருவாள். எப்போதும் ஒரே முடிப்புத்தான், விளங்கினாச் சரி.

ஐப்பசியில் ஒரு நாள், 'உங்கை மழையோ பிள்ளை? சத்தம் கேக்குது' என்று எழுதியிருந்தார். ஓம் ஐயா, இரண்டு நாளாய் விடாமல் பெய்யுது என்று அவள் பதில் போட்டாள். 'ஊர் மழையைக் கேட்டுக் கன காலம்' என்று அவர் எழுதினார். மாமா இந்தியா என்று சொல்லிவர, ஊர் மழை என்று அவர் எழுதியதை அவள் மறுக்கவில்லை. மறுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

கார்த்திகையில் அந்தப் பிழை நடந்தது. பிறப்புப் பத்திரத்தின் பிரதியை வீட்டிலிருந்தே எடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ. தபாலில் அனுப்பவேண்டிய விலாசம் கேட்கும் கட்டத்தில் அவள் சுட்டியை அமத்தியதும், கொம்பியூட்டர் தன் ஞாபகத்தில் வைத்திருந்த விலாசத்தைத் தானாகவே கீழே இறக்கிக் காட்டியது. ஆரணியின் காதுக்கு மருந்து வரவழைத்தபோது ஒரு தரம் அடித்த விலாசம் அது. ஆரணியின் பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், உரும்பிராய். பதிவு செய்தபோது அவள் பதறவில்லை. வெட்டி ஒட்டும்போது அதன்மேல் ஒரு மங்கலான பெட்டியைப் போட்டு மறைத்தாள். இதற்கு முன்னும் எத்தனையோ தரம் மறைத்திருக்கிறாள்.

ஆனால் பெட்டியைப் போட்டது திரை முழுதாக நிற்கும்போது. ஸூம் வந்ததும் கீழே இருந்த படம் பெருத்து ஒரு பக்கம் நகர்ந்தது. பெட்டி போட்ட இடத்திலேயே நின்றது. ஒரே ஒரு செக்கன், ஆரணியின் பெயரும் விலாசமும் பெட்டிக்கு வெளியே வந்து, எழுத்தெழுத்தாகப் பெரிதாகி நின்றுவிட்டுப் போயின. தூரத்தில் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராத எழுத்து. அவள்தான் கிட்டக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் முருகேசு ஐயா எழுதினார். 'பிள்ளை, நாலாம் நிமிசத்திலை ஒரு எழுத்து ஓடி மறைஞ்சது. உது என்ன? திரும்ப ஒருக்கால் காட்டும். விளங்கினாச் சரி.'

போய்ப் பார்த்தாள், கண்டாள். உடனே வீடியோவை அழித்தாள். அதற்குள் முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். முந்நூறு பேரும் தன்னைப்போல் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று மனதைத் தடவிக்கொண்டு, பழைய வீடியோ ஒன்றின் கீழே கிழவருக்கு நன்றி எழுதினாள். பெரிய பிழை ஐயா, நல்ல காலம் நீங்கள் சொன்னீங்கள், எடுத்திட்டன் என்று. பதில் ஒரு நிமிடத்தில் வந்தது.

'பரவாயில்லை பிள்ளை. எனக்கு விளங்கீட்டுது. அது காணும்.'

அன்று மத்தியானம் ஆரணி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளுக்கு மறைப்பது சரியில்லை என்று துஷாந்தினி பக்கத்தில் குந்தியிருந்து சொன்னாள். பயப்படாதே, ஒரு நல்ல மனிசன் கண்டு சொன்னபடியால் தப்பினோம் என்றாள். கண் தெரியாத கிழவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஆரணி கேட்டாள். அந்தக் கேள்வி துஷாந்தினிக்கு அதுவரை வரவில்லை. என்ன எழுதினவர் என்று ஆரணி கேட்க, போனை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். இரண்டாவதை வாசித்து முடிக்கும்போது துருவலைச் சத்தம் நின்றுவிட்டது.

"திரும்ப வாசி அக்கா. அந்தக் கடைசிச் சொல்லை."

"விளங்கினாச் சரி."

ஆரணி கையில் இருந்த தேங்காய்ப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "அது முருகேசு இல்லை அக்கா. அடிச்சு முடிஞ்சால் அவர் கை கழுவிப்போட்டு வந்திருந்து தேத்தண்ணி குடிப்பார். குடிச்சுக்கொண்டு அதைத்தான் சொல்லுவார். ஒவ்வொரு நாளும்."

துஷாந்தினி முதலில் நம்ப மறுத்தாள். யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் சொல்லும் சொல்தானே அது என்றாள்.  இரண்டு பேருமாக இருந்து ஏழு மாதத்துக் கருத்துகளையும் ஒவ்வொரு வீடியோவோடும் வைத்துப் பார்த்தார்கள். கிழவன் கிட்டக் கொண்டுவரச் சொன்ன எதுவும் படிவத்தில் இல்லை. ஒன்று திரையின் கீழ் மூலையில் அன்றைய வெப்பநிலை. இன்னொன்று மேலே திறந்து கிடந்த பக்கங்களின் பெயர்கள். ஒன்று அவளுக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியின் முதல் வரி. எல்லாம் ஓரங்கள். ஒரு கிழவனுக்குக் கண்ணாக இருப்பதாக ஏழு மாதமும் நினைத்திருந்தாள். கண்ணாகத்தான் இருந்திருக்கிறாள். 

"உவன் ஏன் திரும்பக் காட்டச் சொல்லிக் கேக்கவேணும்?" என்றாள். "வாசிச்சுப்போட்டுப் பேசாமல் வந்திருக்கலாமே."

"தேடுறது மட்டும் அவருக்குக் காணாது அக்கா. தேடுறார் எண்டு எங்களுக்குத் தெரியவேணும்."

அக்காவுக்கு அவன் 'உவன்', தங்கைக்கு இன்னும் 'அவர்'. அடித்த கைக்கும் மரியாதை கொடுக்கும்படி பெண்பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள், அந்தப் பழக்கம் காது போனாலும் போகாது.

மறுநாள் காலை, செவ்வாய்க்கிழமை, ஏரம்பு மாமா போன் எடுத்தார். சிவகரன் பண்டத்தரிப்புக்கு வந்துபோயிருக்கிறான். நாட்டுக்கு வந்து இரண்டு கிழமையாம். ஒரு வெள்ளை வான் பிடித்து வந்து, மாமாவோடு மரியாதையாகக் கதைத்து, கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனானாம். துஷாந்தினி பொலிசுக்கு அறிவித்தாள். ஒரு ஜீப் வந்து ஒழுங்கையைப் பார்த்துவிட்டுப் போனது. கடையில் அவளோடு வேலை செய்த சிசிலியாவை அழைத்து நிலைமையைச் சொன்னாள். குருநகர்க்காரி, துணிந்தவள். தன் சின்னம்மாவின் வீட்டு மேலறை இருக்கிறது, இன்றைக்கே வாருங்கோ என்றாள். ஆனால் ஆரணி அசைய மறுத்தாள். வெள்ளை வான் எந்தச் சந்தியில் நிற்கிறதோ தெரியாமல் தெருவில் இறங்குவதைவிட, பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்து சாகலாம் என்றாள்.

அப்போதுதான் துஷாந்தினிக்கு அந்த யோசனை வந்தது. அவனைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அவனுக்கு எதைக் காட்டினால் போவான் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே ஒரு வீடியோ செய்தாள். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலுக்கு இணையத்தில் இருக்கை பதிவது எப்படி. எப்போதும்போல நிதானமாகப் பேசினாள், உதை அமத்துங்கோ என்றாள், குரல் நடுங்கிய இடங்களை மறுபடி பதிந்தாள். பயணியின் பெயர் கேட்கும் கட்டத்தில் ஆரணியின் பெயரையும், திகதியில் வரும் வியாழக்கிழமையையும் அடித்தாள். அதன்மேல் மங்கல் பெட்டியைப் போட்டாள். பிறகு முதல் தரம் தெரியாமல் விட்ட பிழையை இந்தத் தரம் தெரிந்துகொண்டே விட்டாள். படம் நெருங்கியது. பெட்டி நின்ற இடத்தில் நின்றது. பெயரும் திகதியும் வெளியே வந்தன.

பின்னால் நின்று பார்த்த ஆரணி, கனக்க நேரம் நிற்கிறது அக்கா என்றாள். அவன் வாசிக்கவேணுமெல்லோ என்றாள் துஷாந்தினி. ஒரு செக்கனில் தவறவிட்டுவிட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்று நாலு செக்கன் நிற்க விட்டிருந்தாள். யாருக்கும் விளங்காமல் போய்விடக்கூடாது என்ற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு. பழக்க தோஷம்.

புதன்கிழமை முருகேசு எழுதினார். 'நல்ல வீடியோ பிள்ளை. விளங்கினாச் சரி.' இரண்டு பேரும் அதை வாசித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஆரணி வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஏரம்பு மாமா அழைத்தார். வெள்ளை வான் காங்கேசன்துறைப் பக்கம் போனதைத் தன் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னார். அவன் வடக்கே துறைமுகத்தில் காத்து நிற்க, இவர்கள் தெற்கே குருநகருக்குப் போய்விடுவார்கள். பதினொரு மணிக்குச் சிசிலியா ஓட்டோவோடு வருவதாக ஏற்பாடு. உடுப்புகள் இரண்டு பையில் அடங்கின. கொம்பியூட்டரைக் கழற்றித் துணியில் சுற்றும் வேலையில் துஷாந்தினி இருந்தபோது சிசிலியா போன் எடுத்தாள். ஓட்டோக்காரனுக்கு ஒழுங்கை பிடிபடவில்லை, இரண்டு தரம் சந்திவரை போய்த் திரும்பிவிட்டோம், யாராவது ஒழுங்கை வாசலில் வந்து நின்றால் நல்லது என்றாள்.

நான் போகிறேன் என்று துஷாந்தினி எழும்பினாள். கையெல்லாம் வயர். ஆரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் துஷாந்தினி மறுக்காமல் விட்டாள், பிறகு தன்னை எத்தனை தரம் சபித்துக்கொண்டாலும் அதற்கு வேறு காரணம் சொல்ல அவளுக்கு இல்லை.

"நான் போய்க் காட்டிறன் அக்கா. அவர்தான் காங்கேசன்துறையிலை நிக்கிறாரே."

"வானம் கறுத்திருக்கு. குடையைக் கொண்டுபோ."

"கிட்டத்தானே அக்கா. இப்ப வந்திடுவன்."

படலை திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மாதத்தில் பகலில் அவள் அதைத் திறந்தது அதுதான் முதல் தரம். துஷாந்தினி வயரைச் சுற்றினாள். இரண்டாவது பையின் வாயைக் கட்டினாள். கூரையில் ஒன்று இரண்டாகத் துளி விழத் தொடங்கியது. தூரத்தில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது, வந்தது, போனது. ஐந்து நிமிடம் இருக்கும். அல்லது பத்து.

சிசிலியா மறுபடி அழைத்தாள். நாங்கள் ஒழுங்கை வாசலில்தான் நிற்கிறோம், ஒருவரையும் காணவில்லை, ஆளை அனுப்பினீரோ என்று கேட்டாள்.

துஷாந்தினி பதில் சொல்ல வாயெடுக்கும்போது கையில் இருந்த போன் அதிர்ந்தது. கப்பல் வீடியோவின் கீழே புதிதாக ஒரு கருத்து.

'பிள்ளை, பிழை எண்டால் ஒரு செக்கன்தான் தெரியும். நீர் நாலு செக்கன் காட்டிப்போட்டீர். இஞ்சை மழை தூறத் தொடங்கீட்டுது. இவளிட்டைக் குடையும் இல்லை. விளங்கினாச் சரி.'

உங்கை மழையோ என்று கேட்டவன் இஞ்சை என்று எழுதியிருந்தான். அவளிட்டை என்று எழுதவில்லை. உவளிட்டை என்றும் எழுதவில்லை. இருபத்தாறாயிரம் பேருக்கு அந்த வித்தியாசத்தைப் படிப்பித்தவள் துஷாந்தினி. அவளுக்கு அதை யாரும் கிட்டக் கொண்டுவந்து காட்டத் தேவையில்லை.

தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு அவள் படலையைத் தாண்டி ஓடினாள். போனில் சிசிலியா என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். கதவின் பின்னால் ஆணியில் குடை தொங்கியது. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்தது அந்த ஒரு குடைதான்.